பென்ஹேல் தடவிப் பார்த்த துப்பாக்கி

நெகானி, மிச்சிகன்
அக்டோபர் 25, 1982

ஹூஸ்டன் மாநகரின் அறிவுக்களஞ்சியமும், தற்செயலாக என் அண்ணனுமாகிய வெர்னர் அவர்களுக்கு,

உன் தங்கை ஐலி எழுதுவது. அம்மாவும் நானும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி. அது ஏன் வந்தது, எப்படிப் போனது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். இங்கே இரண்டு முறை பனி விழுந்துவிட்டது. உனக்கு அங்கே வியர்க்கிறதாம். வியர்க்கட்டும்.

கிளாரன்ஸ் பென்ஹேலை மறந்திருக்க மாட்டாய். சுரங்க அலுவலகத்தில் நாற்காலி தேய்த்துவிட்டு, சுரங்கம் மூடியதும் துப்பாக்கி நிபுணராக அவதாரம் எடுத்தவர். ஆகஸ்டில் வேட்டைச் சங்கக் கண்காட்சிக்கு அப்பா தன் துப்பாக்கியைக் கொண்டுபோனார். அதுதான், ஒரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளுமே, நீ பிறந்த வருடம் கடையில் புதிதாகப் பெட்டி பிரித்து வாங்கியது, உனக்கென்று அப்பா வைத்திருப்பது. பென்ஹேல் அதை அளவுகோலால் அளந்தார். பிறகு வாயால் அளந்தார்.

அவர் அளந்தது இதுதான். இந்த வகைத் துப்பாக்கியில் பழையதற்கு உடல் வெறுமையாக இருக்குமாம், பின்கட்டையின் முடிவில் இரும்புத் தட்டு இருக்குமாம். பிந்தையதற்கு உடலில் மான் செதுக்கியிருக்குமாம், தட்டு கறுப்பு பிளாஸ்டிக்காம். அப்பாவுடையதிலோ மானும் இருக்கிறது, இரும்புத் தட்டும் இருக்கிறது. "ஆர்வோ, இது பெட்டி பிரிச்சு வாங்கினது இல்லப்பா. எவனோ ரெண்டைப் பிரிச்சு ஒண்ணாக்கினது. வித்தவன் உன்னை ஏமாத்தினானா, நீ எங்களை ஏமாத்துறியா?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். "தொழிற்சாலையில மிச்சம் கிடந்த தட்டைப் போட்டிருப்பாங்க கிளாரன்ஸ்" என்று மட்டும் அப்பா சொன்னார். அதற்கும் சிரிப்பு.

அதையாவது விடலாம். மனிதருக்குத் துப்பாக்கியைப் பற்றித் துப்பு கிடையாது, அவ்வளவுதான். இதை அம்மா உனக்கு எழுதினாளே, அதற்கு நீ என்ன பதில் போட்டாய்? "பென்ஹேல் சொன்னா சரியாத்தான் இருக்கும். அப்பாவுக்குக் கதை சொல்றது பழக்கம்தானே." பெரிய வாக்கு! அப்பா அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அம்மாவிடம் கொடுத்தார். துப்பாக்கியை அலமாரியில் குளிர்கோட்டுகளுக்குப் பின்னால் வைத்தார். மறுநாள் முழங்கால் வலி வந்துவிட்டது. "இந்த வருஷம் நான் காட்டுக் குடிசைக்கு வரலை, நீங்க போய்ட்டு வாங்க" என்று கூட்டாளிகளிடம் சொல்லி அனுப்பினார். மான் வேட்டை தொடங்கும் நாளில் அப்பா வீட்டில்! சுரங்கத்தில் விலா எலும்பு முறிந்த வருடம்கூட, கட்டோடு போனவர். பென்ஹேல் சொன்னது உரசிவிட்டுப் போனது. நீ எழுதியதுதான் உள்ளே இறங்கியது.

ஆகவே நான் களத்தில் இறங்கினேன்.

நேற்று ஃபின்னிஷ் மன்றத்தில் வேட்டைக்கு முந்தைய விருந்து. வழக்கம்போல் எல்லோரும் தோட்டா நீக்கிய துப்பாக்கிகளை மேசையில் வரிசையாக வைத்திருந்தார்கள். வழக்கம்போல் பென்ஹேல் வித்தை காட்டக் கிளம்பினார். உனக்குத் தெரியுமே, ஆரஞ்சு நிறக் கழுத்துத் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு, கொடுக்கும் துப்பாக்கியைத் தடவியே ஆண்டு, வகை எல்லாம் சொல்லும் வித்தை. அப்பா வர மறுத்தார். அம்மாதான் "மீன் சூப்பையாவது குடிச்சிட்டு வாங்களேன்" என்று இழுத்து வந்தாள். கடைசி பெஞ்சில் முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

பென்ஹேலிடமும் அதே வகைத் துப்பாக்கிதான் என்பது ஊருக்கே தெரியும். அது எப்போதும் அவருடைய வண்டியிலேயே இருக்கும், பொதுமக்கள் கை படக்கூடாதல்லவா. வண்டிச் சாவியை எனக்குக் கொடுத்தது யார் தெரியுமா? அவருடைய மனைவி ஹில்மா அத்தை. "எதுக்குன்னு கேக்கமாட்டேன்டி. சாப்பிடும்போதும் துப்பாக்கி, தூங்கும்போதும் துப்பாக்கி. போ, போய் என்னவோ பண்ணு" என்றாள். தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டேன், கத்தாதே. தோள்வாரைக் கழற்றினேன். அப்பாவின் துப்பாக்கிக்குப் பின்கட்டையில் மாட்டும் தோல் உறையை அதற்கு மாட்டிக் கயிறு கட்டினேன். பென்ஹேல் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் தன் பெயரைச் சுட்டு வைத்திருக்கும் இடம் சரியாக அந்த உறைக்குள் மறைந்தது. தானாக அமைந்த பொருத்தம்.

கண் கட்டியிருந்தவர் கையில் அதை வைத்து, "மிஸ்டர் பென்ஹேல், அப்பாவோட துப்பாக்கி. இன்னொரு தடவை பார்த்துச் சொல்லுங்களேன், பாவம் அவர் தூங்கவே இல்லை" என்றேன், தேன் குழைத்து.

"உங்க அப்பாவோட குப்பையா? கொடு" என்று குழலின் முனையைத் தடவினார். "பாருங்க, குறி பாக்குற முன்முள்ளுல திருகாணியே இல்லை. வழவழன்னு ஒட்டியிருக்கு. இது பழைய குழல்." பிடியைத் தடவினார். "இங்க பாருங்க, கோடெல்லாம் இயந்திரத்துல அழுத்தினது. பழசுல கையால வெட்டியிருப்பான், விரலைக் கடிக்கும். ஆக, குழல் தாத்தா, கட்டை பேரன்! ரெண்டு பொணத்தைத் தச்சு நடக்கவிட்டிருக்கான்யா ஆர்வோ. இதை வச்சிருக்கிறதுக்கு ஒருத்தன் வெக்கப்படணும்."

"பின்னாடியும் தடவிப் பாருங்க" என்றேன்.

"பின்னாடி எதுக்கு? முன்னாடியே நாறுது."

நான் உறைக் கயிற்றை அவிழ்த்தேன். உறை விழுந்தது. முன்வரிசையில் இருந்த ரெய்னோ மாமா எழுந்து நின்று, சுட்டு எழுதியிருந்ததை எழுத்தெழுத்தாகச் சத்தமாகப் படித்தார். மன்றத்தின் கூரையில் இருந்த பனி சரிந்திருக்கும், அப்படி ஒரு சிரிப்பு. பென்ஹேல் கண்கட்டைப் பிடுங்கிப் பார்த்தார். "யாரோ மாத்திட்டாங்க! என்னோடது பெட்டி பிரிச்சு நானே வாங்கினது!" என்று கத்தினார். "அப்படித்தான் ஆர்வோவும் சொன்னாரு" என்றாள் ஹில்மா அத்தை, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே. இத்தனை வருடமாகத் தன் கையில் இருந்த துப்பாக்கியையே அந்த மனிதர் ஒழுங்காகத் தடவிப் பார்த்ததில்லை, வெர்னர். அடுத்தவனுடையதைத்தான் தடவியிருக்கிறார்.

இங்கேதான் அப்பா எல்லாவற்றையும் கெடுத்தார். எழுந்து வந்தார் (நொண்டவில்லை, நான் கவனித்தேன்). அந்தத் துப்பாக்கியை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கிளாரன்ஸ், இது அசல்தான். யாரும் மாத்தலை. தொழிற்சாலையில பழைய குழல் நாலஞ்சு மிஞ்சியிருக்கும், புதுக் கட்டையில மாட்டி அனுப்பிட்டான். நல்ல இரும்பை எவன் தூக்கிப் போடுவான்? நானும் சுரங்கப் பட்டறையில இருந்தவன்தானே" என்றார். பென்ஹேல் தரையைப் பார்த்துக்கொண்டு வாங்கிக்கொண்டார். ஒரு மன்னிப்பு? ஒரு நன்றி? ஹூம். சூப் ஆறுகிறது என்று போய்விட்டார். அவரை இன்னும் கொஞ்சம் வறுத்திருக்கலாம், அப்பாவுக்கு அடுப்பை அணைப்பதே வேலை.

வீட்டுக்கு வந்ததும் கோட்டுகளை விலக்கித் துப்பாக்கியை எடுத்தார். சமையலறை மேசையில் பழைய செய்தித்தாள் விரித்துப் பிரித்து, துடைத்து, எண்ணெய் போட்டார். இரும்புத் தட்டை மட்டும் திரும்பத் திரும்பத் துடைத்தார். "அப்போ முழங்கால்?" என்றேன். "எந்த முழங்கால்?" என்றார்.

பிறகு ஒன்று செய்தார். அதை உனக்கு எழுதச் சொல்லவில்லை, எழுதாதே என்றும் சொல்லவில்லை. பரணில் கிடந்த தாத்தாவின் ஓட்டைத் துப்பாக்கியை இறக்கித் தனக்கென்று சுவரில் சாய்த்தார். எண்ணெய் போட்டதைக் கொண்டுபோய் உன் கட்டிலில் வைத்தார். "அங்க யாருக்குப்பா?" என்று கேட்டேன். "வர்றவனுக்கு" என்றார். அறை விளக்கை அணைத்துவிட்டார்.

நவம்பர் பதினைந்து விடியலில் வேட்டை. முந்தின நாளே குடிசைக்குப் போகிறோம். மேல்படுக்கையில் நான் படுத்துக்கொள்வதாக இருந்தேன், விட்டுத் தருகிறேன். அம்மா இறைச்சியோடு டர்னிப் கிழங்கும் போட்டு மடித்த பாஸ்டி ரொட்டி சுட்டு வைப்பாள். கிரீன் பே வரை பேருந்தில் வந்துவிடு, ரெய்னோ மாமா வண்டியோடு நிற்பார். அப்பாவிடம் எதுவும் பேச வேண்டாம், பேச்சில் நீ எவ்வளவு கெட்டிக்காரன் என்று கடிதத்திலேயே பார்த்தோம். வந்து அந்தத் துப்பாக்கியைக் கையில் எடு, போதும்.

உன் மண்டையிலும் பழைய குழல் ஒன்று மிஞ்சியிருக்கும், அதுவும் அசலாக இருக்கும் என்று நம்புகிற,

உன் தங்கை
ஐலி

பி.கு. கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தாலும் வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம். வாசல் விளக்கை அப்பா இப்போதெல்லாம் அணைப்பதில்லை.