மட்கார்டில் ஒரு கழுதை

ஸ்பிரிங்வெளி தோட்டம், நடு லயம், நாலாம் வீட்டிலிருந்து விடுக்கப்படும் துயர அறிவித்தல். நேற்று மாலை ஐந்து மணியளவில், நிஜ வண்டியில் இருபத்துநாலில் ஒரு பங்கே உள்ள பொம்மை உழவு இயந்திரமொன்றின் இடது முன்விளக்கு எதிர்பாராத விதமாகக் கழன்று, கட்டிலுக்கடியில் காலமாகிவிட்டது. அன்னார் பிளாஸ்டிக் சட்டத்தின் அன்புப் புதல்வரும், வலது விளக்கின் பாசமிகு சகோதரரும் ஆவார். பூதவுடல் இன்னும் கிடைக்கவில்லை. டோர்ச் அடித்துத் தேடியதில் ஒரு சட்டைப் பொத்தானும் காய்ந்துபோன தோடம்பழ விதையும் மட்டுமே அகப்பட்டன. உற்றார் உறவினர் இதை ஏற்றுக்கொள்ளவும்.

மச்சான், நீ சிரித்தாயா என்று தெரியவில்லை. அந்த விளக்கைத் தவிர மற்றதெல்லாம் முடிந்துவிட்டது என்பதுதான் உண்மையான செய்தி. இன்று காலை வண்டியைக் கொண்டுபோய் உன் வீட்டில் கொடுத்தும்விட்டேன். மூன்று தடவை சவர்க்காரம் போட்டும் விரலிலிருந்து பெயின்ட் கரைக்கும் தின்னர் வாசம் போகவில்லை. சோற்றைப் பிசைந்தால் சோறும் தின்னர் மணக்கிறது. தின்னரைத் தின்ன முடியாமல் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

இந்த வாசம் வந்தாலே குனிந்திருக்கும் உன் முதுகு தெரிகிறது. இடுப்பில் உன் அம்மாவின் பழைய சேலைத் துண்டு, மூக்கு நுனியில் கண்ணாடி. மூச்சைக்கூட அளந்துதான் விடுவாய். பக்கத்தில் யாராவது தும்மினால் முறைப்பாய். தும்முவதற்கென்றே நான் மிளகுத்தூள் கொண்டுவந்த நாளும் உண்டு.

நீ போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் உன் அப்பா எங்கள் வாசலில் வந்து நின்றார். தோட்டத்துத் தேயிலைக் கொழுந்து டிராக்டரை இருபது வருடமாக ஓட்டுகிறவர், நடந்து வந்ததை நான் அன்றுதான் கவனித்தேன். கையில் ஒரு பிஸ்கட் டின். திறந்தால் பாதி வண்டி, தனியாக நாலு சக்கரம், உன் கொப்பி.

“அவன் பாதியில வச்சிட்டுப் போயிட்டான் தம்பி. எனக்கு இதுல ஒண்ணும் வெளங்கல. நீதான் கூடவே கெடந்த. வருஷத்துக்குள்ள முடிச்சுக் குடுக்கிறியா? படத்துக்கிட்ட வைக்கணும்னு ஒங்க அத்தை கேக்குறா.”

“எதுக்கு மாமா வருஷம்? ஒரு வாரத்துல தர்றேன். பாதி வேலை நான் பண்ணதுதானே.”

நான் பண்ணிய பாதி வேலை என்னவென்று உனக்குத் தெரியும். பசை டியூபை மூடாமல் வைத்து இறுக விட்டது நான்தான். பள்ளிக்கூடத்திலும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். உலகத்திலேயே அந்த டிராக்டரின் ஒவ்வோர் அங்குலமும் தெரிந்த ஒரே ஆள் நான் என்றேன். அந்த ஒரு வாரம் இப்போது பதினொரு மாதமாகிவிட்டது. நாளை மறுநாள் உன் வருஷத் திவசம்.

முதல் கோபம் உன் மேல்தான். பெட்டியில் வந்தபோது அது எங்கோ வெள்ளைக்காரன் பண்ணையில் ஓடிய சிவப்பு வண்டி. அதை அப்படியே ஒட்டி வைத்திருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. நீ அதை மாமாவின் நீல வண்டியாக மாற்றக் கிளம்பினாய். பெட்டியில் இல்லாத கூரைக்குக் குடைக்கம்பியை வெட்டிக் கால் வைத்தாய். கூரைத் துணிக்கு என் கைக்குட்டையைத் தேயிலைச் சாயத்தண்ணியில் ஊற வைத்தாய். அதுவரை பொறுத்துக்கொண்டேன். பிறகு, ஒட்டிப் பூசி மெருகேற்றிய புது வண்டியைப் பழசாக்க வேண்டும் என்றாய். அதற்கு வெதரிங் என்று பெயராம். எனக்கு அது வெறுப்பேற்றிங்.

அதற்காக மூன்று நாள் சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு எதிரே மதகில் உட்கார்ந்து நிஜ வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோமே. நீ பார்த்தாய், நான் கொட்டாவி விட்டேன். இடது பக்கப் படியில் மட்டும் நீலம் போயிருக்கிறது, ஏனென்றால் மாமா எப்போதும் அந்தப் பக்கம்தான் இறங்குவார். மட்கார்டின் விளிம்பு வெள்ளித் தகடு மாதிரி மின்னுகிறது, சாக்கு இறக்குகிறவர்கள் பிடிக்கும் இடம் அது. பொனட்டில் மங்கலாக ஒரு மஞ்சள் வட்டம், ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் சந்தனம் வைத்து வைத்து ஊறியது. எல்லாவற்றையும் கொப்பியில் வரைந்தாய்.

“அழுக்கு சும்மா வராதுடா. யாரு கை பட்டுச்சுன்னு தெரிஞ்சாத்தான் பூசணும்” என்றாய். அது ஒன்றுதான் நீ நீளமாகப் பேசியது. மற்றபடி உன் வாயில் வந்ததெல்லாம் “கை வைக்காத” மட்டும். கொப்பியிலும் பக்கத்துக்குப் பக்கம் அதையே எழுதி வைத்திருக்கிறாய். கை வைக்காமல் எப்படி முடிப்பது என்று மட்டும் எழுதவில்லை.

அந்தச் சீனிக் கதைக்கு இப்போதாவது மன்னிப்புக் கேட்கிறேன். துரு நிறத்தைப் பூசி, அதன் மேல் உப்புக் கல்லைத் தூவி, அதற்கு மேல் நீலத்தை அடித்துக் காய்ந்ததும் உப்பைக் கழுவினால், நிறம் உதிர்ந்த மாதிரி கீழே துரு எட்டிப் பார்க்கும் என்று கண்டுபிடித்து வைத்திருந்தாய். நான் உப்புப் போத்தலில் சீனியைக் கொட்டி வைத்தேன். மறுநாள் காலையில் வண்டி முழுக்க எறும்பு. நீ கத்துவாய் என்று வாசலில் ஓடத் தயாராக நின்றேன். நீ கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பத்து நிமிடம் அதையே பார்த்தாய்.

“உப்ப விட இதுதான் நல்லா இருக்கு. எறும்புக்கு இருக்கிற பொறுமை ஒனக்கு இல்ல பாரு.”

அந்த எறும்புத் தடத்தில் பாதியைத்தான் நீ போன பிறகு நான் அழித்துவிட்டேன். சக்கரத்தை ஒட்டினேன், கோணலாக நின்றது. பிய்த்தேன், அச்சு உடைந்தது. தூரிகையின் மயிர் நீலத்தில் ஒட்டிக் காய்ந்து, வண்டிக்கு மீசை முளைத்தது. போனில் ஒரு வீடியோவைப் பார்த்து வண்டி முழுக்கத் துரு அடித்தேன். நீ துருவைத் தேடிப் போனவன், நான் துருதுருவென்று எங்கும் பூசியவன். மாமா ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்தார்.

“என்ன தம்பி, எரிஞ்சுபோன வண்டியா?”

“துரு மாமா. பழசுன்னா இப்பிடித்தான்.”

“என் வண்டியிலயா? பொழுதோட டீசல் துணியப் போட்டுத் தொடச்சிட்டுத்தானே எறங்குறேன். துரு எங்கேருந்து வந்துச்சு?”

அழுக்குக்குக் காரணம் கேட்கிற வியாதி உங்கள் வீட்டு வியாதி போலிருக்கிறது. துருவை எடுக்கத் தின்னர் போட்டேன். துரு போனது, அதோடு நீலமும் போனது, நீயும் எறும்பும் சேர்ந்து செய்ததில் பாதி போனது. அன்றைக்கு டின்னைத் தூக்கி ஓடையில் வீசப் போய்விட்டேன். அம்மா கூப்பிட்டதால் நின்றேன்.

நீலம் வாங்கப் பதுளைக்குப் போனேன். பஸாரில் உனக்கு அந்தப் பெட்டியை விற்ற கடைக்கார நானா ஒரு டின்னை எடுத்துவிட்டு மறுபடியும் தட்டிலேயே வைத்தார்.

“ஒங்கட கூட்டாளி இத எடுக்க மாட்டாரே தம்பி. அவர் ரெண்டு டின்னக் கலந்துதான் அடிப்பார்.”

“எவ்வளவுக்கு எவ்வளவு நானா?”

“அத எங்கிட்டச் சொன்னாரா? சொல்லாமலே போய்த்தார்.”

அந்த இரண்டு டின்னையும் எடுத்துத் தந்தார். வீட்டுக்கு வந்து கொப்பியைப் புரட்டினால் ‘நீலம்: வழமை போல’ என்று இருக்கிறது. யாருடைய வழமையடா? பதினேழு தடவை கலந்தேன். பதினேழாவது நீலம் உன்னுடையதா, என் கண் களைத்துப்போய்ச் சரி என்று சொன்னதா, தெரியாது.

இவ்வளவு சொதப்பலுக்கு நடுவில் ஒரு வேலையை மட்டும் அருமையாகச் செய்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வலது மட்கார்டின் பின்பக்கத்தில், அரிசி மணி அளவுக்கு ஒரு கீறல் இருந்தது. நாலைந்து கோடு. நீ விட்ட பிழை. உன் வேலையில் பிழையா என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. பட்டி வைத்து அடைத்தேன், அரத்தாள் போட்டுத் தேய்த்தேன், விரலால் தடவினால் கண்ணாடி. கொப்பியில் அந்தப் பக்கத்தில் ‘வலது மட்கார்ட் பின்பக்கம் முடிந்தது. கை வைக்காதே’ என்று இருந்தது. வழக்கமான பல்லவி என்று தாண்டிவிட்டேன்.

நேற்று மத்தியானம் வண்டியை மாமாவிடம் காட்டினேன். சந்தன வட்டத்தைப் பார்த்துத் தலையாட்டினார். இடது படியை நகத்தால் தொட்டுப் பார்த்தார். பிறகு திருப்பி, வலது மட்கார்டின் பின்னால் பார்த்தார். கட்டை விரலால் அந்த இடத்தைத் தடவினார்.

“கழுதை எங்க தம்பி?”

எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும்போது, மடுவத்தில் நின்ற வண்டியில் ஆணியால் நான் கீறிய கழுதை. பொதி சுமக்கிற வண்டிக்கு ஒரு அடையாளப் படம் இருக்கட்டும் என்றேன். கழுதையை நேரில் பார்த்ததில்லை, அதனால் அது முயலுக்கும் ஆட்டுக்கும் நடுவில் ஏதோவாக வந்தது. ஐந்து கோடு, ஒரு காது நீளம், ஒரு காது கட்டை. தோட்டத்து வண்டியைப் பழுதாக்கியது யார் என்று மேலாளர் பெரியதுரை, மாமாவைக் கூப்பிட்டுக் கேட்டார். வண்டியை வேறு ஆளிடம் கொடுக்கப் போவதாகவும் பேச்சு. அன்று சாயங்காலம், “நான்தான் கீறினேன்” என்று நீ மாமாவிடம் பழியை ஏற்றுக்கொண்டாய். பெல்ட் விழுந்த சத்தம் பீலியடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குக் கேட்டது. குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, நான் அசையவில்லை.

“நீ மாட்டினா பெரியதுரை சொல்லி ஸ்கூல விட்டே அனுப்பிருவாங்க. நான் மாட்டினா ரெண்டு அடியோட முடியும்” என்று மறுநாள் சொன்னாய். பெரிய விஷயமில்லை என்பது மாதிரி. அதை நீ பிறகு பேசவேயில்லை. ஆனால் குட்டி வண்டியில், ஊசி முனையால், ஐந்து கோட்டையும் அச்சு அசலாகப் போட்டு வைத்திருக்கிறாய். நான் அதைப் பட்டி வைத்து அடைத்தேன்.

மாமா சொன்னதைக் கேள். “போன தை மாசம் வண்டிக்குப் புதுசாப் பெயின்ட் அடிச்சாங்கல்ல. அந்த எடத்த மட்டும் உள்ளங்கை அளவுக்கு விட்டுடச் சொல்லிட்டேன். காலையில ஏறுறப்ப கை தானா அங்கதான் போகுது. அன்னைக்கு அதுக்குத்தான அவன அப்பிடி அடிச்சேன். இப்ப அவன் கைபட்டதுன்னு அது ஒண்ணுதான் அந்த வண்டியில இருக்கு.”

நான் வாயைத் திறந்தேன். எதற்கும் வாய் அடங்காத நான். “மாமா, அது நான்” என்று சொல்ல மூன்றே வார்த்தை. அவர் கட்டை விரல் அந்த வழவழப்பான இடத்தில் இருந்தது. அவரிடமிருந்து அதை எப்படிப் பிடுங்குவது?

“கடைசியாப் போடலாம்னு வச்சிருக்கேன் மாமா” என்றேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவின் தையல் ஊசியை எடுத்தேன். பதினொரு மாதமாக ஒரு கோடும் நேராகப் போடாத கை, ஒரே மூச்சில் ஐந்து கோட்டையும் போட்டது. நீளக் காது, கட்டைக் காது. திருப்பிப் பார்த்தபோதுதான் அந்த விளக்கு கழன்று விழுந்தது.

இன்று காலை மாமா வண்டியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். முகத்துக்கு மிகக் கிட்டப் பிடித்துக்கொண்டு.

“அப்பிடியே அவன் கை” என்றார்.

“ஆமா மாமா. அவன் கைதான்.”

விளக்கு இல்லாததையும் கவனித்தார். நான் காரணம் தேடுவதற்குள், “அது சரிதான். நெஜ வண்டியிலயும் எடது லைட்டு எரியாது” என்று சொல்லிவிட்டு உள்ளே கொண்டுபோனார். அத்தை உன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். கழுதை இருக்கும் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி.

அதனால் மேலே வாசித்த அறிவித்தலில் ஒரு திருத்தம். நான் முடித்தேன் என்று ஊரெல்லாம் சொன்ன வண்டியில் கூரை உன்னுடையது, படி உன்னுடையது, சந்தன வட்டம் உன்னுடையது, தப்பிப் பிழைத்த எறும்புத் தடமும் உன்னுடையது. அந்த நீலம் நானாவுடைய இரண்டு டின்னும் என் குருட்டு அதிர்ஷ்டமும். முழுசாக என் கையால் ஆனது அந்தக் கழுதை மட்டும். அதைத்தான் நான் பண்ணியதாகச் சொல்லவில்லை.

ஊசியை அம்மா தேடிக்கொண்டிருக்கிறாள். முனையில் நீலம் ஒட்டியிருக்கிறது, என் பென்சில் பெட்டியில் வைத்திருக்கிறேன். இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.