அரக்கனுக்கு என் குரல்

மஸ்கட்
12.8.1986

அன்புள்ள கிளியம்மாளுக்கு,

நான் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்ததா?

போன வாரம் டிரங்க்கால் வீணானதற்கு வருத்தப்படாதே. என் குரலைக் கேட்டதும் பாப்பா, "யம்மா, அரக்கன் பேசறாம்மா!" என்று போனைப் போட்டுவிட்டு ஓடினாளே, எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

தப்பு என்னுடையது. அவளுக்குக் கேசட்டில் கதை பதிந்தபோது ராஜகுமாரனாக அறைத்தோழன் தேவநாதனைப் பேசவிட்டேன். அவனுக்கு இனிமையான குரல். "அரக்கனுக்கு நீ கொரல மாத்தவே வேணாம்பா, அப்படியே பேசு" என்று அறையே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே பேசினேன். நான் இங்கு வந்த பிறகு பிறந்தவளுக்கு என்னைப் பற்றித் தெரிந்தது அந்தக் குரல் மட்டும்தான்.

"ராஜகுமாரன பேசச் சொல்லும்மா" என்று அவள் அழுததும் எனக்குக் கேட்டது.

தேவநாதன் லீவில் திண்டிவனம் வருகிறான். பாப்பாவுக்குக் கவுன் கொண்டுவந்து கொடுப்பான். அவனிடம் வறுத்த மல்லாட்டைக் கடலையும் அவள் போட்டோ ஒன்றும் கொடுத்தனுப்பு. அந்தக் கேசட்டை இனிமேல் போடாதே.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. தேவநாதனுக்கு வயிறு நிறையச் சோறு போடு. பாப்பாவிடம் மட்டும் அவன் ஊமை என்று சொல்லிவிடு. வாயைத் திறப்பதில்லை என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

வீரமுத்து