மஞ்சள் பனியன்

நீ ஆரம்பித்துவிட்டுப் போன நிதி திரட்டும் நடையில் ஒரு பெண்ணுக்கு மஞ்சள் பனியன் மாட்டிவிட்டார்கள். அதனால் இந்த மாதக் கடைசியில் அவளுடைய வாடகை அறை பறிபோகப் போகிறது. சுற்றி வளைக்காமல் இதை முதலில் உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பனியன் என் சைக்கிள் கடையில் ஆணியில் தொங்குகிறது. அச்சு மையின் வாடை இன்னும் போகவில்லை. முதுகில் கொட்டை எழுத்தில் 'பயனாளி' என்று இருக்கிறது. மற்றவர்களுக்கு வெள்ளைப் பனியன், அதில் 'நடையாளர்'. எல்லோரும் திண்டிவனத்தில் கிளம்பி விழுப்புரம் வரை ஒரே சாலையில்தான் நடந்தார்கள். பிறகு எதற்கு இரண்டு நிறம்?

முதல் வருடம் நமக்குப் பனியனே கிடையாது. பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடந்த பிள்ளைகளுக்கு ஒரு விடுதி வேண்டும் என்று, பஸ்ஸைக் கிளப்புவதுபோல் உன் கண்டக்டர் விசிலை இரண்டு முறை ஊதிக் கிளம்பினாய். பத்துப் பதினைந்து பேர் பின்னால் வந்தோம். விக்கிரவாண்டியில் ஒரு மளிகைக்கடைக்காரர், "இதுல வூடு இல்லாதவங்க யாருங்க?" என்று கேட்டார்.

"அத்தினி பேரும் நடந்துக்கினுதாங்க வர்றோம். நான் டிக்கெட் கேப்பேன், கதை கேக்க மாட்டேன். நீங்களும் கேக்காதீங்க" என்றாய்.

அவர் நம் உண்டியலில் காசு போட்டுவிட்டு, என்னைத் தனியே அழைத்து ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார். வீடில்லாதவன் நான்தான் என்று முடிவு செய்துவிட்டார். விழுப்புரம் வரை அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

ஜெசிந்தாவை உனக்கு நினைவிருக்கும். கிளியனூர்ப் பக்கம் வீட்டை விட்டு வந்து, எங்கே இறங்குவது என்று தெரியாமல் உன் பஸ்ஸிலேயே இரண்டு முறை போய்வந்த பெண். கதை கேட்காமல் விடுதியில் சேர்த்தாய். இப்போது துணிக்கடையில் வேலை. போன வருடம் தன் பெயரில் ஓர் அறை எடுத்தாள். இந்த வருடம் நடக்கிறவளாகத்தான் வந்தாள். வெள்ளைப் பனியனுக்குக் கை நீட்டியவளிடம், இப்போது நடையை நடத்தும் கமிட்டியின் ஆள், "நீ விடுதிப் பொண்ணுதானம்மா? லிஸ்டுல மஞ்சள்னு கீது" என்று இதைக் கொடுத்தான். அவளும் மறுக்கத் தெரியாமல் போட்டுக்கொண்டாள்.

அந்தப் பனியனோடு எடுத்த அவள் படம் இப்போது பஸ் ஸ்டாண்டு வாசலில் ஆளுயர பேனராக நிற்கிறது. வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டார். "ஹோம் பொண்ணுன்னு சொல்லவே இல்லியே நீ. நாளைக்கு யார் வந்து நிப்பாங்களோ. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடு."

"துடைக்கிற துணியா வச்சிக்குங்க, பெரியப்பா" என்று பனியனை என்னிடம் போட்டுவிட்டுப் போனாள். நான் துடைக்கவில்லை.

கமிட்டித் தலைவரிடம் போய்க் கேட்டேன். "ஐயா, யாருக்குப் போவுதுன்னு பார்த்தாதான் ஜனங்க குடுப்பாங்க" என்றார். நான் நம்பவில்லை. வாங்குகிறவர் யார் என்று காட்ட அல்ல, கொடுக்கிறவர் தாங்கள்தான் என்று காட்டவே இந்த ஏற்பாடு என்று சந்தேகப்படுகிறேன். மஞ்சள் பக்கத்தில் இருந்தால்தானே வெள்ளை பளிச்சென்று தெரியும்.

என்மேலும் எனக்குச் சந்தேகம்தான். அச்சகத்திலிருந்து பனியன் மூட்டையைக் கொண்டுவந்தவன் நான். சுவரொட்டிகளைப் பார்த்தே எழுத்துக் கற்றவன், அந்தச் சொல்லையும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். சாப்பாட்டுப் பந்தியில் முதலில் உட்காரவைக்க அடையாளம் போலிருக்கிறது என்று நினைத்து, பேசாமல் சைக்கிளில் கட்டினேன். நீயாக இருந்தால் அங்கேயே பிரித்துப் போட்டிருப்பாய்.

இனி ஆக வேண்டியதைச் சொல்கிறேன். பேனரைத் தலைவர் தன் கையால் அவிழ்க்க வேண்டும். ஆள் வைத்து அல்ல. படத்தைச் செல்போனில் பரப்பிய செயலாளர் அதை எடுத்துவிட வேண்டும். விடுதி மேலாளர் இனி யாருக்கும் விடுதிப் பிள்ளைகளின் லிஸ்ட் கொடுக்கக் கூடாது. மாதக் கடைசிக்கு முன் தலைவரும் நானும் வீட்டுக்காரம்மா முன் நின்று, தப்பு எங்களுடையது, இந்தப் பெண் உங்களை ஏமாற்றவில்லை என்று சொல்ல வேண்டும். ஜெசிந்தா ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அடுத்த வருடம் கிளம்பும் இடத்தில் ஒரு மஞ்சள் பனியன் தெரிந்தாலும், நீ போனதிலிருந்து என் சட்டைப்பையில் இருக்கும் உன் விசிலை நான் ஒரே ஒரு முறை ஊத வேண்டும். ஒற்றை விசிலுக்கு வண்டி நிற்க வேண்டும்.