அப்பாவின் இடது பக்கத்தில் நிற்பவர்

ஜூலை 14, திங்கள்

எழுந்ததும் துணி மெஷினில் போட்டேன். வெளியே புகைமூட்டம். மோனோரயில் தடம் வரை தெரிகிறது, அதற்கு அந்தப் பக்கம் பிரிக்பீல்ட்ஸ் பேட்டையே இல்லை.

அப்பாவின் வெள்ளைச் சட்டைப் பையில் ஏதோ கட்டியாக. டிஷ்யூ. உள்ளே மாத்திரைகள். எல்லாம் மதிய மாத்திரை. நாலாக மடித்து, ஓரம் நீவி, ரயில்வே ஆபீசில் காகிதம் மடித்த அதே மடிப்பு.

“என்னப்பா இது?”

“கீழ விழுந்துச்சு மா. எடுத்து வச்சேன்.”

“அத்தனையுமா?”

“கை நடுங்குதுல்ல.”

சொல்லிவிட்டுப் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். பேப்பரும் நடுங்கியது.

வாங்க வேண்டியது: சோப்புத் தூள், வெண்டைக்காய், அப்பாவுக்கு ஸ்ட்ரா. மாலை டியூஷனுக்குப் பயாலஜி கேள்வித்தாள், நகல்.


ஜூலை 15, செவ்வாய்

புகை குறையவில்லை. தொண்டை கரகர.

எனக்காகவே ஒருமுறை எழுதி வைக்கிறேன், எது முதலில் எது பிறகு என்று குழம்பாமல் இருக்க. அப்பாவுக்குப் பார்க்கின்சன் என்று தெரிந்தது போன வருடம். முதலில் பகல் மாத்திரைகள். இந்த ஜனவரியில் இரவு மாத்திரை ஒன்று கூடியது. மார்ச்சில் அந்த ஆள் வந்தார்.

“அந்த ஆள்”. அப்பா அப்படித்தான் சொல்கிறார். சாமி என்று சொல்ல வாய் வரவில்லை. வாழ்நாள் முழுக்க நெற்றியில் ஒரு கோடு போடாதவர். எனக்கும் தம்பிக்கும் சாமி பெயர் கூடாது என்று மலர்விழி, அன்பரசன். அம்மா தன் முருகன் படத்தைச் சமையலறை அலமாரியில் பிஸ்கட் டின்னுக்குப் பின்னால்தான் வைத்திருந்தாள். அவள் போய் மூன்று வருடம் ஆகியும் படம் அங்கேயே கிடந்தது. ஏப்ரலில் ஒரு நாள் பார்த்தால் ஹாலில், டிவிக்குப் பக்கத்தில். துடைத்து வைத்திருந்தார்.

அந்த ஆள் கண்ணுக்குத் தெரிவதில்லையாம். இடது பக்கம், தோளுக்குச் சற்றுப் பின்னால். நிற்பது தெரியும், அவ்வளவுதான். பேசுவதில்லை. சில சமயம் கற்பூர வாசனை. அப்பா சோபாவில் இடது பக்கம் இடம் விட்டு உட்காருகிறார். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறார். திருநீறு பூசத் தெரியாமல் புருவத்தில் பூசிக்கொள்கிறார். அம்மா போனதிலிருந்து சிரிக்காத மனிதர், இப்போது தனியாக இருக்கும்போது சிரிக்கிறார்.

நான் இன்னும் டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால், மாத்திரை காட்டும் மாயை என்று அதைக் குறைப்பார்கள். குறைத்தால் அந்த ஆள் போய்விடலாம்.

இன்று வகுப்பில் நரம்புச் செல்கள். டோபமின் எங்கே சுரக்கிறது, எதற்கு; அப்பாவின் மூளையில் குறைந்துபோனது அதுதான். நிஷா என்ற பெண் கையைத் தூக்கினாள்.

“டீச்சர், தைப்பூசத்துல எங்க சித்தப்பாவுக்கு அலகு குத்துறப்போ வலிக்கலையாம். அதுவும் கெமிக்கலா?”

“மூளையில எது நடந்தாலும் கெமிக்கல் இருக்கும்.”

“அப்ப முருகன் எங்க இருக்காரு?”

“எக்ஸாம்ல வராது லா நிஷா!” பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு. நானும் சிரித்துத் தப்பித்தேன்.

வீட்டுக்கு வந்து கொஞ்சம் படித்தேன். பக்தியை உண்டாக்கும் ஒற்றை ஜீன் என்று ஒருவர் சொல்ல, அப்படி ஒன்றும் இல்லை என்று பலர் மறுக்கிறார்கள். இரட்டையர்களை ஒப்பிட்டுப் பார்த்ததில் நாட்டம் ஓரளவு பரம்பரை. எந்தச் சாமி என்பது மட்டும் வளர்ந்த வீடு. அப்படியானால் சாமியே வேண்டாம் என்று சொன்ன அப்பாவின் அந்தப் பிடிவாதம்? கோபம்? அதுவும் அதே நாட்டம்தானோ, திரும்பி நின்ற மாதிரி.


ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. காலையில் மழை, புகை கரைந்தது. 

காலை மாத்திரையை நானே கொடுத்தேன். விழுங்குவதைப் பார்த்தேன். பார்த்ததாக நினைத்தேன்.

சாயங்காலம் கோயிலில் நல்ல கூட்டம். தீபாராதனை. நான் வழக்கம் போல உறுமி அடிப்பவர்களை விட்டுத் தள்ளி, தூணுக்குப் பின்னால். அப்பா முன்வரிசை. மணி அடித்தது, எல்லோரும் கையைத் தூக்கினார்கள், இறக்கினார்கள். அப்பாவின் கை மட்டும் இறங்கவில்லை.

உறைந்துவிட்டார். எனக்கு உடனே தெரிந்தது. கண் இமைக்கவில்லை, முகம் கல், வாயோரம் எச்சில், விரல்கள் மட்டும் படபட. கூட்டத்துக்கு வேறு மாதிரி தெரிந்தது.

“அங்கிளுக்கு அருள் வந்துருச்சு!”

யாரோ மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். யாரோ கை நிறையத் திருநீறு. உறுமிக்காரர் பக்கத்தில் வந்து இன்னும் வேகமாக அடித்தார். நான் முட்டி மோதிப் போவதற்குள் ஒரு அக்கா அப்பாவின் காலைப் பிடித்துவிட்டார்.

“அப்பா, என் மகளுக்கு எப்பப்பா கல்யாணம் கூடும்? வாயத் தொறந்து சொல்லுப்பா!”

அப்பா என்ன சொல்வார். கண் மட்டும் என் பக்கம் திரும்பியது.

“அக்கா, விடுங்க. இது நோய். மாத்திரை குடுக்கணும்.”

“அப்படிச் சொல்லாதம்மா, சாமி குத்தம்.”

“பேசாம நிக்குற சாமி லா. உக்கிரம் ஜாஸ்தி,” என்றார் இன்னொருவர், விஷயம் தெரிந்தவர் மாதிரி.

உறுமி என் காதருகே. அந்தக் கணத்தில் என் கால் செய்ததைப் பற்றி எழுத வேண்டாம்.

கைப்பையில் மாத்திரை இருந்தது. இளநீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விட்டேன். அபிஷேக இளநீர் என்று நினைத்து வழிவிட்டார்கள். நாற்காலி கொண்டுவந்தார்கள், ஆனால் உட்கார வைக்க முடியவில்லை, முழங்கால் மடியவில்லை. நானும் கூட்டத்திலிருந்த ஒரு பையனும் இரண்டு பக்கமும் தாங்கி நின்றோம். அரை மணி நேரம் இருக்கும். முதலில் கண் இமைத்தது. பிறகு கை மெல்ல இறங்கியது.

“மலையேறிட்டாரு,” என்றார் காலைப் பிடித்த அக்கா. கண்ணீரோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

காரில் அப்பாவை முன்சீட்டில் உட்கார வைத்தேன். காது மடலில் மஞ்சள். சீட் பெல்ட் போடும்போது துடைத்துவிட்டேன்.


ஜூலை 19, சனி

பசியாற இட்லி. ஸ்பூனால் ஊட்ட விட்டார். அதுவே ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி.

“எத்தனை நாளாப்பா?”

“போன வாரம் மதியம் மட்டும். அப்புறம் ராத்திரி மாத்திரை. நேத்து காலையில நாக்குக்கு அடியில ஒதுக்கித் துப்பிட்டேன்.”

“எதுக்கு?”

என்னைப் பார்க்காமல் சட்னியைப் பார்த்துச் சொன்னார். “நெசமான்னு பாக்க. மாத்திரை இல்லாம வராரான்னு.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். எழுபத்தாறு வயதில், தன் மேலேயே சோதனை. கடவுளை நிரூபி என்று மேடை போட்டுக் கேட்ட ஆள், தனக்கு வந்தவரிடமும் கேட்டிருக்கிறார். அடுத்த கேள்வி என் வாயிலிருந்து தானாக வந்தது. இதுவும் பரம்பரைதான்.

“வந்தாரா?”

“வரல.”

ஸ்பூனைத் தட்டில் வைத்தேன்.

“அங்க நிக்கிறேன். கை தூக்குனது தூக்குனபடி. மஞ்சத்தண்ணி ஊத்துறானுங்க, சில்லுன்னு. இடது பக்கம் யாரும் இல்ல. காலி. ஆனா மலர், நான் தேடிட்டே இருந்தேன் மா. மாத்திரை இல்லாதப்பவும் தேடுனேன். வர்றவரு மாத்திரைன்னா, தேடுறவன் யாரு?”

அன்பு ஜொகூரிலிருந்து ஃபோன். எல்லாம் சொன்னேன்.

“அக்கா, டாக்டர்கிட்ட சொல்லிக் குறைக்கச் சொல்லு. இன்னைக்கு சும்மா நிக்குறாரு. நாளைக்கு பால்கனியில குதின்னு சொன்னா?”

“அவர் பேசுறதில்லடா.”

“கேட்டியா! நீயும் ‘அவர்’ங்கற.”


ஜூலை 20, ஞாயிறு

தனம் அத்தை வந்தார். அப்பாவின் தங்கை. காப்பாரிலிருந்து அத்தையின் மகன் காரில் விட்டுவிட்டுப் போனான். கோயில் செய்தி அங்கே வரை போயிருக்கிறது. கூடவே மீன், கிள்ளான் பாசாரில் வாங்கிய கீரை.

அத்தைக்குப் பதினான்கு வயதிலிருந்து காளி வருவாள். காப்பார் திருவிழாவில் அத்தை ஆடுவதை அப்பா நின்று பார்த்ததே இல்லை.

அப்பாவைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்து ஒரு சிரிப்பு.

“அம்பது வருஷமா என்னைப் பைத்தியம்னீங்களே அண்ணே. இப்ப எப்படி இருக்கு?”

“எனக்கு மாத்திரை. உனக்கு என்ன?”

“எனக்கு எவன் மாத்திரை குடுத்தான்? பனடோல் போட்டாலே வாந்தி வரும்.”

அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நடுக்கமா சிரிப்பா என்று ஒரு நிமிடம் தெரியவில்லை.

மீன் கழுவும்போது அத்தை என்னிடம்: “உங்க அப்பாவுக்கு இருக்கு, எனக்கு இருக்கு. உனக்கும் இருக்கு. உறுமி அடிச்சா உன் காலு என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?”

பதிலுக்கு நான் குழாயைப் பெரிதாகத் திறந்தேன்.

பதினைந்து வயது. காப்பார் திருவிழாவுக்கு அம்மா திருட்டுத்தனமாகக் கூட்டிப் போனாள். உறுமி தொடங்கியதும் பாதத்தில் சூடு, கெண்டைக்காலில் ஏறியது, தரை என்னைத் தூக்கியது. பயமில்லை. அதுதான் பயம். அடுத்த கணம் அப்பா எங்கிருந்தோ வந்து கையைப் பிடித்துக் காருக்கு இழுத்துப் போனார்.  அன்றிலிருந்து தூணுக்குப் பின்னால்.

மூன்று பேர், ஒரே ரத்தம். ஒருவருக்கு மாத்திரையோடு வருகிறது. ஒருவருக்கு மாத்திரையே இல்லாமல். மூன்றாவது ஆள் சோதித்தே பார்க்கவில்லை. பயாலஜி டீச்சர்!

அடுத்த ஞாயிறு காப்பாரில் திருவிழா. “வா,” என்றார் அத்தை. கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னதால் அழைப்பு மாதிரி இல்லை.


ஜூலை 22, செவ்வாய்

கிளினிக். பார்க்கிங் கிடைக்க ஒரு யுகம். டாக்டர் மலாய்ப் பெண், என் வயது இருக்கும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்: துப்பிய மாத்திரை, கோயில், அந்த ஆள். அப்பா என்னை முறைக்கவில்லை. அதுவே வலித்தது.

மாத்திரையைத் திடீரென நிறுத்தியதற்கு அப்பாவுக்கு நல்ல திட்டு. உயிருக்கே ஆபத்தாம். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு, அந்த ஆளைப் பற்றிக் கேட்டார். பயமுறுத்துகிறாரா?

“டியா டாக் காச்சாவ், டாக்டர்,” என்றார் அப்பா. அவர் தொந்தரவு பண்றதில்லை.

டாக்டர் சிரித்துவிட்டார், ஆனால் கேலியாக இல்லை. மாத்திரையாகவும் இருக்கலாம், நோயேயாகவும் இருக்கலாம், பிரித்துச் சொல்ல முடியாது என்றார். இரண்டு வழி. இரவு மாத்திரையைக் குறைப்பது: அந்த ஆள் போய்விடக்கூடும், காலையில் உடம்பு இன்னும் இறுகும். அல்லது இப்படியே விட்டுக் கவனிப்பது: அவர் பேச ஆரம்பித்தாலோ, அப்பா பயந்தாலோ, அவர் சொல்லி அப்பா எதையாவது செய்தாலோ, உடனே குறைத்தாக வேண்டும். வீட்டில் பேசி வியாழனுக்குள் ஃபோன் செய்யச் சொன்னார்.

பரம்பரை பற்றிக் கேட்டேன், அத்தையை நினைத்து. தோளைக் குலுக்கினார். வீட்டுக்கு வீடு மூளை கொஞ்சம் வேறுபடும், அதற்கு மேல் தெரியாது என்றார். தெரியாது என்று சொல்லும் டாக்டரை எனக்குப் பிடிக்கிறது.

வெளியே கடையில் தே தாரே, நுரைக்க ஆற்றிய டீ. அப்பாவுக்கு ஸ்ட்ராவில்.

“நீங்க சொல்லுங்கப்பா. குறைக்கலாமா?”

“நான் சொல்ல மாட்டேன்.”

“ஏன்?”

“வேணும்னு சொன்னா, அதைச் சொல்றது நானா, மாத்திரையான்னு எனக்கே தெரியலையே. உன் ஒடம்புல ஒண்ணும் இல்லல்ல. நீ சொல்லு.”

என் உடம்பில் ஒன்றும் இல்லையாம்.


ஜூலை 23, புதன்

வெயில். ஒட்டடை அடித்தேன். நிஷாவின் விடைத்தாளில் டோபமினுக்கு எதிரே ஒரு சின்ன வேல் படம். அரை மார்க் போட்டேன்.

அன்புவிடமிருந்து மெசேஜ்: “குறை. ப்ளீஸ் அக்கா.” அவன் சொல்வதில் தப்பில்லை. பால்கனிக் கதவுக்குப் பூட்டு வாங்கி மாட்டியாயிற்று. மாத்திரையை இனி என் முன்னால், வாயைத் திறந்து காட்ட வேண்டும். அப்பா ஒத்துக்கொண்டார். பள்ளிப் பிள்ளை மாதிரி ஆ என்று காட்டுகிறார்.

மாலை அவர் சோபாவில். நாலு நாளாக எல்லா மாத்திரையும் ஒழுங்காக. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். திடீரென, யாரும் சொல்லாமல், வலது பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். இடது பக்கம் இடம்.

“வந்துட்டாரா?” என்றேன்.

தலையை மட்டும் ஆட்டினார். வெட்கப்பட்ட மாதிரி.

நான் அந்த இடத்தில் துணியை வைக்கவில்லை. கூடையைத் தூக்கித் தரையில் வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று யாராவது கேட்டால் எந்தக் கெமிக்கலைச் சொல்வேன்?

என் முடிவை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. நாளை டாக்டருக்கு ஃபோன்: குறைக்க வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன். அன்பு கத்துவான், கத்தட்டும். ஞாயிறு காப்பார். அப்பா காரிலேயே இருக்க விரும்பினால் இருக்கட்டும். நான் தூண் பக்கம் போகப் போவதில்லை. உறுமிக்குப் பக்கத்தில், செருப்பில்லாமல்.