ஆளில்லா இடங்கள்

செப்டம்பர் 28, ஞாயிறு

கேப்பர் மலைக்குப் பின்னால் செம்மண் ஓடைகளுக்குள் போய் வந்தோம். சிதம்பரத்தில் வீட்டு வாசலிலிருந்து ஐம்பத்திரண்டு கிலோமீட்டர். மனைவி ஷஹனாஸ் ஓட்டினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து தூரம் குறித்தேன். இந்தப் பெரிய வண்டி வாங்கிய நான்கு வருடமாக இதுதான் எங்கள் வேலைப் பங்கீடு. எனக்கு ஓட்ட வராது.

மழை அறுத்த பள்ளங்கள் ஆள் உயரத்துக்கு மேல். ஓர் ஏற்றத்தில் பின்சக்கரம் சரளையில் சுற்றியது. அவள் இறங்கினாள், மண்ணை மிதித்துப் பார்த்தாள், டயரில் கொஞ்சம் காற்றை இறக்கினாள், பிறகு ஒரே மூச்சில் மேலே கொண்டுவந்துவிட்டாள். "எழுதும்போது நான் எறங்கிப் பாத்தேன்னு எழுதுங்க. வண்டி தானா ஏறுன மாதிரி எழுதாதீங்க" என்றாள். சிரித்தேன்.

திரும்பும்போது எங்கள் பேப்பரின் ஞாயிறு மலரைப் பார்த்துக்கொள்ளும் தட்சிணாமூர்த்தி கூப்பிட்டார். 'ஆளில்லா இடங்கள்' பத்திக்கு இன்றைய ஓடையை எழுத நேரமில்லை. ஜூன் மாதம் நான் கொடுத்து வைத்த கிள்ளை உப்பங்கழிக் கட்டுரை கையிருப்பில் இருக்கிறதாம். "அதப் போட்ரலாமா ஹசன்?" போடுங்க என்றேன். வறுகடலை தின்றுகொண்டிருந்தேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

கட்டுரை வந்திருக்கிறது. படம் நன்றாக விழுந்திருக்கிறது. வழக்கம்போல் என் பெயர் இல்லை. அந்தப் பத்திக்குப் பெயர் போடுவதில்லை. படிக்கவில்லை. நான் எழுதியதுதானே.

அக்டோபர் 12, ஞாயிறு

கிள்ளைக்குத் தெற்கே உப்பங்கழியில் கார் சிக்கி ஓர் அம்மாள் இறந்துவிட்டார். மாலை நான்கரைக்குத் தகவல் வந்தது, போனேன்.

ராபர்ட், 38, குறிஞ்சிப்பாடி, தனியார் பள்ளியில் ஆசிரியர். மனைவி அனுப்பிரியா. இறந்தவர் அவளுடைய அம்மா மங்கலம், 63. கழியின் குறுக்கே மணல் திட்டு வழியாகக் கடற்கரைக்குப் போகப் பார்த்திருக்கிறார்கள். பாதி தூரத்தில் முன்சக்கரங்கள் இறங்கிவிட்டன. முடுக்க முடுக்க வண்டி அமிழ்ந்திருக்கிறது. கடல் ஏறும் நேரம். மேற்கே பெய்த மழைத் தண்ணீரும் சேர்ந்துகொண்டது. போனில் சிக்னல் இல்லை. ராபர்ட் ஆள் தேடி ஓடியிருக்கிறார். மூட்டு அறுவை செய்த மங்கலத்தால் சாய்ந்த வண்டியிலிருந்து ஏறி வர முடியவில்லை. மகள் அவரைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். மீனவர்கள் வந்து இருவரையும் இழுத்தபோது அம்மாவுக்கு மூச்சு இல்லை.

நூற்றுப் பன்னிரண்டு சொற்களில் அனுப்பினேன். கடைசி வரி: "வழி தெரியாமல் காரை இறக்கியதே விபத்துக்குக் காரணம் எனப் போலீசார் தெரிவித்தனர்."

வழி தெரியாமல்.

எந்த வழியாக வந்தார்கள், யார் சொல்லி வந்தார்கள் என்று அங்கே ஒருவரிடமும் கேட்கவில்லை. முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு விபத்துச் செய்திக்கு நான் அதைக் கேட்காமல் திரும்பியது இதுதான் முதல் தடவை. ஏன் கேட்கவில்லை? தெரிந்ததால்தானே.

அக்டோபர் 13, திங்கள்

கட்டுரையை இப்போதுதான் படித்தேன். "கடைசி இறால் பண்ணையைத் தாண்டி இடப்புறம் 1.3 கிலோமீட்டர். அங்கிருந்து மணல் திட்டின் மேல் 600 மீட்டர். மணல் கெட்டியானது, பெரிய வண்டி தாராளமாகப் போகும். கண்ணுக்கெட்டிய தூரம் ஆள் இல்லை."

தூரங்கள் எல்லாம் சரி. ஒரு மீட்டர்கூடத் தவறில்லை.

ஜூன் மாதத்துக் கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். 'தாராளமாகப் போகும்' என்பதற்குப் பிறகு ஒரு வரி இருக்கிறது; அதன் மேல் என் பேனாவால் கோடு. "உள்ளூர் மீனவர் ஒருவர் முன்னால் நடக்காமல் வண்டியை இறக்கக் கூடாது, புரட்டாசி பிறந்தால் நடந்தும் போகக் கூடாது." பதின்மூன்று சொற்கள். பத்திக்கு நானூற்றைம்பது சொல்தான் இடம். பதின்மூன்று கூடியிருந்தது, எடுத்தேன்.

ஷஹனாஸிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "அன்னைக்கி நான் மண்ணப் பாத்தா ஓட்டுனேன்? முன்னால நடந்த பக்கிரி அண்ணன் காலப் பாத்து ஓட்டுனேன். அவுரு வலது பக்கம் ஒதுங்குனா நானும் ஒதுங்குனேன். அவுரப் போயி வெட்டிட்டீங்களே" என்றாள். பிறகு சமையலறைக்குள் போய்விட்டாள்.

அக்டோபர் 15, புதன்

ஸ்டேஷன். மங்கலத்தின் மகன் சித்தார்த் புகார் கொடுத்திருக்கிறார்: ராபர்ட் வேண்டுமென்றே ஆழத்தில் இறக்கினார், அம்மாவை விட்டுவிட்டுத் தான் மட்டும் தப்பி ஓடினார். தங்கையைச் சேத்தியாத்தோப்புக்குத் தன் வீட்டுக்கே கூட்டிப்போய்விட்டார். ராபர்ட் ஜாமீனில் கையெழுத்துப் போட வந்திருந்தார். பள்ளியில் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

"பேப்பர்ல வழி போட்டிருந்துது சார்" என்று ஏட்டிடம் மெல்லச் சொன்னார்.

"பேப்பர்ல கெணத்துல குதின்னு போட்டா குதிப்பியா? வாத்தியாரு வேல வேற."

எழுத்தர்கூடச் சிரித்தார். ராபர்ட் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க அந்தப் பேப்பர்தானே? அத யாரு எழுதுனதுன்னு கேட்டுச் சொல்ல முடியுமா? அவுங்க வந்து ஒரு வார்த்த சொன்னா என் வொய்ஃபாச்சும் நம்புவா."

விசாரிக்கிறேன் என்றேன்.

அக்டோபர் 16, வியாழன்

விசாரிக்கிறேன் என்றேனே. என் வாயால். அவர் முகத்தைப் பார்த்து.

அக்டோபர் 18, சனி

கடலூர் அலுவலகம். தட்சிணாமூர்த்தி கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "கட்டுரை வேற, விபத்து வேற. நம்ம எடத்தச் சொன்னோம், கார நம்மளா ஓட்டுனோம்? நீ பாட்டுக்கு எங்கியும் போயி எதும் ஒளறி வைக்காத."

திருத்தம் போடச் சொன்னேன். போடலாமாம் — "வாசகர்கள் இத்தகைய இடங்களுக்குச் செல்லும்போது உள்ளூர் மக்களின் ஆலோசனையைப் பெறவும்." ஆறாம் பக்கத்தில், கீழே.

"இது திருத்தம் இல்ல சார், அறிவுரை" என்றேன்.

"அதுதான் கெடைக்கும்."

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

மழை. ஷஹனாஸ் வண்டிக்கு உறை போட்டுக் கட்டிவிட்டாள். மூன்று ஞாயிறாக எங்கும் போகவில்லை என்று எழுத வந்தேன். தவறு. பன்னிரண்டாம் தேதி கிள்ளைக்குப் போனேனே. இரண்டு ஞாயிறு.

அக்டோபர் 22, புதன்

பக்கிரியைப் பார்க்கப் பேருந்தில் போனேன். அவர்தான் அன்றைக்கு அந்த இருவரையும் வண்டிக்குள்ளிருந்து இழுத்தவர். விபத்தன்று அங்கே போயும் நான் அவரைத் தேடாமல் வந்ததை அவர் கவனித்திருக்கிறார்.

வலையைப் பிரித்தபடி பேசினார். "மருமவ படிச்சுக் காட்டுச்சு பாய். ஆளே இல்லாத எடம்னு போட்டிருக்கீங்களாம். எங்க தெருவுல நாப்பத்தாறு வூடு. நாங்கள்லாம் யாரு, நண்டா?"

பக்கத்திலிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை.

"அன்னைக்கி ஒங்க வூட்டம்மா வண்டிக்கு முன்னால நடந்தேன்ல, அந்த வழி இன்னைக்கி எனக்கே தெரியாது. மழ எறங்கிட்டா மண்ணு எடம் மாறிடும். அதான் புரட்டாசின்னு சொன்னேன். சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க. எழுதினேன். அப்புறம் எடுத்துட்டேன்."

அவர் கை நின்றது. ஏன் என்று கேட்கவில்லை. "அந்தப் பொண்ணு அம்மாவ விடவே இல்ல பாய். வெரல ஒவ்வொண்ணா பிரிச்சு எடுத்தோம்" என்றார். "அந்த ஆளு எங்க தெருவுக்கு ஓடியாந்து உழுந்தாரு பாருங்க, காலு ரெண்டும் கிளிஞ்சில் கிழிச்சு ரத்தம். தப்பிச்சு ஓடுனவன் அப்புடியா ஓடியாருவான்? எங்கள யாரு கேக்குறா."

திரும்பும் பேருந்தில் ஒன்று புரிந்தது. இடமில்லை என்று எடுத்தேன் என்றுதான் இதுவரை எழுதியிருக்கிறேன், இந்த நோட்டிலும்கூட. பொய். நாரைகளைப் பற்றி மட்டும் அந்தக் கட்டுரையில் நாற்பது சொல் இருக்கிறது, அதை வெட்டியிருக்கலாம். வண்டிக்கு முன்னால் ஒருவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தால் அது ஆளில்லாத இடமாக இருக்காது. அதனால் எடுத்தேன்.

அக்டோபர் 27, திங்கள்

சேத்தியாத்தோப்பு. கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு போனேன்.

சித்தார்த் வாசலிலேயே நிறுத்தினார். "நியூஸ்தான் போட்டுட்டீங்கல்ல, இன்னும் என்னா வேணும்?"

அந்தக் கட்டுரையை எழுதியது நான் என்றேன். முழுவதையும் நின்றபடியே சொன்னேன். முடிப்பதற்குள் சட்டையைப் பிடித்துவிட்டார். அம்மாவைக் கொன்றவன் என்றார். அதற்கு மேலும் சொன்னார். பிடிக்கட்டும் என்று நின்றேன். தள்ளியிருந்தால் விழுந்திருப்பேன், தள்ளவில்லை.

"விடு சித்து."

அனுப்பிரியா உள்ளே இருந்து வந்தாள். பிரதியை வாங்கிக் கோடு போட்ட வரியை விரலால் தடவிப் படித்தாள். "இத ஏன் எடுத்தீங்க?"

இடம் — என்று ஆரம்பித்தேன். பிறகு உண்மையைச் சொன்னேன்.

அவள் அழவில்லை. அண்ணனைப் பார்த்துத்தான் பேசினாள், என்னைப் பார்த்து அல்ல. "அவுரு கரையிலயே வண்டிய நிறுத்திட்டாரு. வேணாம், திரும்பிடலாம்னாரு. பேப்பர ரெண்டு தடவ சத்தமா படிச்சாரு. அம்மாதான், 'தாராளமா போவும்னு போட்டிருக்கான்ல, போங்க மாப்ள, கடலப் பாத்து எத்தினி வருஷமாவுது'ன்னு சொல்லிச்சு."

"ஏன் இத சொல்லல?" சித்தார்த்தின் குரல் இறங்கிவிட்டது.

"செத்துப்போன அம்மா மேல போயி எப்புடிரா சொல்லுவேன்?"

பிரதியை அவள் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. சித்தார்த் படியில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தேன். முதல் பட்டன் இல்லை என்பதை வீட்டுக்கு வந்தபின் ஷஹனாஸ்தான் பார்த்தாள்.

நவம்பர் 3, திங்கள்

வரியை வெட்டியது உட்பட எல்லாவற்றையும் எழுத்து மூலமாக ஸ்டேஷனில் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் இரண்டு முறை படித்துவிட்டு, "இது தேவையா பாய்?" என்றார். ராபர்ட்டின் வக்கீல் ஸ்ரீமதி வெளியே காத்திருந்தார். "சார், இது ஒங்க மேலயே திரும்பும். தெரியுமில்ல?" தெரியும் என்றேன்.

ராபர்ட் அங்கேதான் நின்றார். "அன்னைக்கே நீங்கதான்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்."

தலையை மட்டும் ஆட்டினார். அவர் என்னைத் திட்டியிருந்தால் இந்தப் பக்கத்தில் எழுத ஏதாவது இருந்திருக்கும்.

நவம்பர் 8, சனி

பத்தி நின்றது. என்னையும் நிற்கச் சொல்லிவிட்டார்கள். தட்சிணாமூர்த்தி போனில் இரண்டு நிமிடம் பேசினார். நல்லபடியாகவே பேசினார்.

நவம்பர் 21, வெள்ளி

ஜும்ஆ தொழுகைக்குப் போனேன். வரும் வழியில் மூன்று பேர் அந்தக் கட்டுரையைப் பற்றிக் கேட்டார்கள். மூன்று பேரிடமும் ஒரே மாதிரி சொன்னேன்: எழுதியது நான்தான்.

டிசம்பர் 14, ஞாயிறு

ஷஹனாஸ் பக்கிரியின் மருமகளைப் பிரசவத்துக்குச் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கொண்டுவந்து சேர்த்தாள். பெண் குழந்தை. நான் போகவில்லை, என்னைக் கூப்பிடவும் இல்லை.

ஜனவரி 8, வியாழன்

சிதம்பரம் கோர்ட். மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் கொடுக்க வரச் சொல்லியிருந்தார்கள். பத்தேகாலுக்குப் போய்விட்டேன். மரத்தடியில் பெஞ்சு காலியாக இருந்தது.

ராபர்ட்டும் அனுப்பிரியாவும் ஒரே ஸ்கூட்டரில் வந்தார்கள். குறிஞ்சிப்பாடியிலிருந்து அவ்வளவு தூரம். இறங்கும்போது அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். அவளும் சொல்ல வந்திருக்கிறாள், அம்மா சொன்னதையும் சேர்த்து. சித்தார்த் தனியாகப் பேருந்தில் வந்து, சற்றுத் தள்ளிப் போய் நின்றார். பிறகு தங்கைக்கு ஒரு டீ வாங்கி வந்து கொடுத்தார். ராபர்ட்டுக்கு வாங்கவில்லை. அவள் பாதி குடித்துவிட்டு டம்ளரைப் புருஷனிடம் நீட்டினாள். சித்தார்த் பார்த்துக்கொண்டு நின்றார்.

என்னிடம் மூவரும் பேசவில்லை. பேச வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

பன்னிரண்டே முக்காலுக்கு டவாலி வெளியே வந்து என் பெயரைக் கூப்பிட்டார். மூன்று முறை கூப்பிடுவது வழக்கம். முதல் முறையிலேயே எழுந்து உள்ளே போனேன்.