கார்க் நகரச் சந்தும் என் முனைவீட்டுச் சாய்தளமும்

நேற்று மதியம் அயர்லாந்திலிருந்து ஒரு ஃபைல் வந்தது. கார்க் நகரத்தில் ஆற்றை ஒட்டிய ஒரு பழைய சந்து. கீழே கடைகள், மேலே வருடக்கணக்காகப் பூட்டிக் கிடக்கும் மாடிகள். அந்த மாடிகளை வீடுகளாக மாற்றப் போகிறார்களாம். சந்துக்குள் தீயணைப்பு வண்டி நுழைந்து திரும்ப முடியுமா என்று நாம் வரைந்து காட்டவேண்டும். வண்டியின் நீள அகலத்தைக் கொடுத்து மவுஸை அழுத்தினேன். சக்கரங்கள் போகும் வழியைக் காட்டும் நீலக் கோடுகள் திரையில் விசிறியாக விரிந்தன. சுவரை ஒரு சாண் விட்டு வண்டி அழகாகத் திரும்பிப் போனது. நான் எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

உன் நாற்காலியில் இப்போது வேறொரு பெண் உட்கார்கிறாள். நல்ல பெண்தான், ஆனால் அதிகம் பேசமாட்டாள். திரும்பி வந்தபோது "கண்ணு ஏன்க்கா செவந்திருக்குது?" என்று கேட்டாள். தூசி என்றேன். ஏசி ரூமில் ஏது தூசி? நீயாக இருந்திருந்தால் விட்டிருப்பாயா?

ஓசூர் பாகலூர் ரோட்டில் மெத்தைக் கடைக்கு மேலே இருக்கும் நம் ஆபீசில் பதினோரு வருடம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து டப்ளினையும் கார்க்கையும் லிமெரிக்கையும் வரைந்தோம். பாஸ்போர்ட்கூட இல்லாத இரண்டு பொம்பளைகள். நான் சாமல்பட்டிக்காரி, நீ பேரிகை. என்னை ஏண்டி என்று கூப்பிடாமல் உன் வீட்டுத் தெலுங்கில் "ஏமே" என்றுதான் கூப்பிடுவாய். சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் போனைப் பார்த்தால் நீ கம்ப்யூட்டரில் தெருப் படங்களைத் திறந்து கார்க்கில் நடந்துகொண்டிருப்பாய். எந்த வீதியில் எந்தக் கடை மூடிவிட்டது, எந்த வீட்டின் கூரையில் செடி முளைத்திருக்கிறது, எல்லாம் உனக்கு அத்துப்படி. தயிர்சாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ஊரையே நீ திட்டுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அந்த ஊர் சொந்த ஊராகிவிட்டது.

திட்டு என்றால் சாதாரணத் திட்டா! டப்ளினில் பழைய செங்கல் வரிசை வீடுகளின் முன்சுவரை மட்டும் இரும்புத் தூண் கொடுத்து நிறுத்திவிட்டு, பின்னால் இருந்ததை எல்லாம் இடித்து ஹோட்டல் கட்டும் வேலை ஒன்று வந்தது. அந்த முன்சுவரை நீதான் வரைந்தாய். மேலே போகப் போக ஜன்னல்கள் குட்டையாகிக்கொண்டே போகும், அதை அளந்து அளந்து ரசித்தாய். பிறகு உள்ளே இருந்த படிக்கட்டின் மேல் இடிப்பதற்கான சிவப்புக் கோடு போடச் சொன்னார்கள்.

"அம்மோ! தோல மட்டும் வச்சிக்கிட்டு உள்ள இருக்கறதெல்லாம் வழிச்சி எடுத்துட்றாங்களே, இதென்ன பலாப்பழமா?" என்றாய்.

"தோலாவது மிஞ்சுதேடி. ஓசூர்ல பழைய வீடுன்னு ஒண்ணு காட்டு பாக்கலாம்."

"நம்மகிட்ட இல்லைங்கறதுக்காக அவன் பண்றது சரியாயிடுமா?"

துறைமுகப் பக்கத்துக் கண்ணாடிக் கட்டடங்களைக் கண்டால் உனக்கு ஆகவே ஆகாது. "இதப் பாக்க அயர்லாந்து எதுக்கு? அத்திப்பள்ளியத் தாண்டினா எலக்ட்ரானிக் சிட்டி, பஸ்ஸிலயே பாத்துட்டு வந்துடலாம்" என்பாய். ஊருக்கு வெளியே கடையும் பஸ்ஸும் இல்லாமல் வரிசையாகக் கட்டிப்போட்ட வீடுகளைப் பார்த்தால் மட்டும் சிரிப்பாய். "நம்ம லேஅவுட்காரன் அங்கயும் போயிட்டான் போல."

நாம் உண்மையாகச் சண்டை போட்டது மறுப்புக் கடிதங்களுக்காகத்தான். அங்கே எதையாவது கட்டவேண்டும் என்றால் அந்த இடத்தின் வாசலில் நோட்டீஸ் ஒட்டவேண்டும். அக்கம்பக்கத்தில் யார் வேண்டுமானாலும் நகராட்சிக்கு எழுதி மறுக்கலாம். அந்தக் கடிதங்களும் ஃபைலோடு நமக்கு வரும். எனக்கு அவை தலைவலி. உனக்கோ வாரப் பத்திரிகைத் தொடர்கதை. ஒரு வயதான அம்மா, தன் வீட்டுக்குப் பின்னால் ஐந்து மாடி வந்தால் குளிர்காலத்தில் அடுப்படிக்கு வரும் கொஞ்ச நேர வெயிலும் போய்விடும் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். நீ அதைத் தமிழில் சொல்லிக்காட்டி, கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாய். எனக்குக் கோபம்தான் வந்தது.

"வீடு இருக்கறவ எழுதறா. வீடில்லாதவன் எங்கடி எழுதுவான்? அங்க முப்பது வயசுப் புள்ளைங்க வாடகைக்கு ஒரு ரூம் கெடைக்காம அப்பன் ஆத்தா வூட்டுலயே கெடக்குதுங்க. இந்தம்மாவுக்கு வெயில் வேணுமாம்!"

"கட்டட்டும். வேணாம்னு நான் சொன்னனா? அந்தம்மா கேட்டதுக்கு ஒருத்தன் காரணத்தோட பதில் எழுதணுமில்ல? அதான் ஊரு. கேள்வியும் இல்ல பதிலும் இல்லன்னா அது வெறும் சிமெண்டு."

நான் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் நீ சொன்னது மட்டும் அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை. ஏறியிருந்தால், பின்னால் நீ எனக்கே ஒரு மறுப்பு எழுதியபோது ஒழுங்காகப் பதில் எழுதியிருப்பேன்.

நீ முதலில் வீடு கட்டிப் போனாய். ஏரிக்கரையில் முட்டி நின்றுவிடும் தெருவில் கடைசி வீடு. அடுத்த வருடம் அதே தெருவின் முனை மனை விலைக்கு வருகிறது என்று நீதான் ஓடிவந்து சொன்னாய். கிழக்கேயும் வடக்கேயும் ரோடு. என் மாமனார் வாஸ்து பார்ப்பவரைக் கூட்டிவந்து நிறுத்தினார். மனுஷன் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டான். ஈசானிய மூலையிலேயே கேட் வைத்துவிட்டால் இந்த வீட்டுக்கு ஒரு குறையும் வராது என்றான். ஈசானிய மூலை என்பது தெரு திரும்பும் அதே மூலை. ஏரித் தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்று வீட்டைத் தூக்கிக் கட்டினோம். கார் ஏறவேண்டும் என்றால் வாசலில் நீளமாகச் சாய்தளம் போடவேண்டும். அது ரோட்டுக்குள் ஐந்தடி வந்து நின்றது. வரைந்தது யார்? நான்தான். கார்க் ஊர்க்காரனுக்கு அரை அடி இடித்தால் படத்தைத் திருப்பி அனுப்பும் நான்தான். ஊருக்குத்தான் உபதேசம்.

கான்கிரீட் போட்ட மறுநாள் நீ வாட்ஸ்அப்பில் ஒரு மறுப்புக் கடிதம் அனுப்பினாய், அந்த ஊர் பாணியிலேயே. "மதிப்பிற்குரிய அம்மணி, இத்தெருவின் கடைசி வீட்டில் வசிப்பவளாகிய நான் தங்கள் ரேம்ப்பைக் கடுமையாக ஆட்சேபிக்கிறேன். எதிர்ப்பக்கம் கரண்ட் கம்பம், இந்தப் பக்கம் தங்கள் மேடு. என் வீடு பற்றி எரிந்தால் தீயணைப்பு வண்டி தங்கள் வாசலில் நின்று கைதட்டிவிட்டுப் போகவேண்டியதுதான்." நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "மனு பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது. ஈசானிய மூலையில் நகராட்சிக்கு அதிகாரமில்லை" என்று பதில் போட்டு, பின்னால் நாலு சிரிப்பு முகங்களையும் போட்டேன். மறுநாள் ஆபீசில் நீ சிரிக்காமல், "வெளையாட்டா எழுதினேன், வெளையாட்டுக்குச் சொல்லல, ஏமே" என்றாய். மாமனாரிடம் யார் பேசுவது என்று நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

மூன்று வருடம் கழித்து அந்த ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பதரை இருக்கும். உன் வீட்டுக்காரர் தெருவில் ஓடிவந்து, "நெஞ்ச புடிச்சிக்கிட்டு உக்காந்துட்டா, ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டேன், வந்தா காட்டுங்கம்மா" என்று கத்திவிட்டுத் திரும்பி ஓடினார். நான் முனையில் நின்றேன். வண்டி சீக்கிரமாகவே வந்துவிட்டது. பேர்தான் முனை, திரும்பத்தான் இடமில்லை. நான் என் சாய்தளத்தின் மேலேயே நின்றுகொண்டு, "வாங்க வாங்க, ரைட்ல ஒடிங்க, கொஞ்சம் பின்னாடி போங்க" என்று கையை ஆட்டினேன். முன்சக்கரம் மேட்டில் மோதியது. பின்னால் போனது. மறுபடி வந்தது. மறுபடி மோதியது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "யார் வூட்டு மேடும்மா இது? அறிவில்ல?" என்று கத்தினார்.

என் காலடியில் இருக்கும் மேடு, என் வீட்டு வாசல். யாரோ கட்டியது போல நானும் அதைக் குனிந்து பார்த்தேன்.

அவர்கள் வண்டியை அங்கேயே போட்டுவிட்டு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். ஜல்லி பெயர்ந்த தெருவில் அந்தச் சின்னச் சக்கரம் எங்கே உருளும்? நாலு பேர் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். என்னைத் தாண்டும்போது உனக்கு நினைவிருந்தது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தாயா, எனக்குப் பின்னால் எதையாவது பார்த்தாயா, தெரியாது. ஆஸ்பத்திரியில் டாக்டர், "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்" என்றார். எல்லாரிடமும் சொல்வதைத்தான் சொல்லியிருப்பார் என்று எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன்.

சாவு வீட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள். தெரு குறுகல், டிரைவர் புதுசு, விதி, நேரம். உன் வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு நம் தெருவை அளந்தேன். ஆபீசில் அதை வரைந்து, ஆம்புலன்ஸின் அளவைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தேன். சாய்தளத்தோடு ஓட்டினால் மோதுகிறது. அதை அழித்துவிட்டு ஓட்டினால் திரும்புகிறது. கம்பத்துக்கும் வண்டிக்கும் நடுவே ஓர் ஆள் நிற்க இடமிருக்கிறது. திரும்பத் திரும்ப ஓட்டினேன். எங்கேயாவது தப்பாக அளந்திருக்கமாட்டேனா என்று பார்த்தேன். பதினோரு வருடப் பழக்கம், அளவு தப்பவில்லை. இந்தத் தெருவில் இது தெரிந்த ஒரே ஆள் நான். அந்தப் படத்தை யாருக்கும் காட்டாமல் ஏழு மாதம் வைத்திருந்தேன். உன் வீட்டுக்காரர் தினமும் காலையில் பைக்கில் ஷிஃப்டுக்குப் போகும்போது முனையில் வேகத்தைக் குறைத்து, "போயிட்டு வரேம்மா" என்பார். சிரித்துத் தலையாட்டுவேன். சே, அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கே என்னை அறையவேண்டும் போலிருக்கிறது.

நேற்று அந்தக் கார்க் சந்தைப் பார்த்த பிறகு முடியவில்லை. முகமே தெரியாத யாருக்காகவோ, என்றைக்கோ பிடித்தால் உண்டு என்கிற தீக்காக, அந்த வண்டியை நான் சரியாகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் ஆபீசிலிருந்து நேராக உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன்.

"அண்ணா, அன்னைக்கி வண்டி திரும்பாததுக்குக் காரணம் என் ரேம்ப்புதான். தெரு குறுகல் இல்ல. நான் வரஞ்சி பாத்துட்டேன். அது இல்லன்னா வண்டி உங்க வாசல் வரைக்கும் வந்திருக்கும். அவ எங்கிட்ட முன்னாடியே சொன்னா. நான்தான் கேக்கல."

அவர் வெங்காயத்தைத் தட்டில் வைத்தார். "வந்திருந்தா பொழைச்சிருப்பாளா?"

"தெரியலண்ணா."

"தெரியாது இல்ல?"

"தெரியாது."

மடியில் கிடந்த வெங்காயத் தோலைத் தட்டிவிட்டார். "நேரம்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்மா. மனசு அப்படியே ஒரு மாதிரி அடங்கியிருந்துச்சி. இதை நான் தெரியாமலே இருந்திருப்பேனே. இனிமே தெனம் ரெண்டு வேள அந்த முனையத் தாண்டித்தான போகணும், வரணும்? வேற வழி ஏது?"

இடித்துவிடுகிறேன் என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இராத்திரி என் வீட்டில் சொன்னேன். இடித்தால் கார் எப்படி உள்ளே வரும் என்றார்கள். வெளியே நிற்கட்டும் என்றேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று மாமனார் முணுமுணுத்தார். அவருக்குக் காது கேட்கும்படியே, ஆமாம் என்றேன். மேஸ்திரி ஞாயிற்றுக்கிழமை வருகிறான்.

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்றுதான் போனேன். எனக்கு ஒன்றும் இறங்கவில்லை, அவர் தலையிலும் ஏற்றிவைத்துவிட்டு வந்திருக்கிறேன். உன்னிடம் கேட்டிருந்தால் சொல்லு என்றிருப்பாயா, வாயை மூடு என்றிருப்பாயா? பதினோரு வருடம் எல்லாவற்றுக்கும் ஓர் அபிப்பிராயம் வைத்திருந்தவள், இதற்கு மட்டும் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாய்.

இன்று காலை பைக் சத்தம் கேட்டபோது கேட்டுக்குப் பின்னால் நின்றிருந்தேன். நிற்காமல் போய்விடுவார் என்று நினைத்தேன். போகட்டும் என்றும் வேண்டிக்கொண்டேன். அவர் முனையில் வேகத்தைக் குறைத்துக் காலை ஊன்றினார். சாய்தளத்தைப் பார்க்கவில்லை. கம்பிக்குள் நிற்கும் என்னைப் பார்த்து, தினமும் போலவே, "போயிட்டு வரேம்மா" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்டி.