படம் எடுத்த இடம்

மார்ச் 4, செவ்வாய்

ஒரே ஒரு சினிமாவால் இந்த ஊருக்கு எத்தனை பேர் வருகிறார்கள், வந்து எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று அளந்து சொல்ல வேண்டும். சுற்றுலா அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்ததும் எனக்கு வாய்த்த வேலை. கதாநாயகி நீலக் கதவைச் சாத்திவிட்டு அழுவாளே, அந்தக் கதவு சாட்சாத் என் அக்கா வீட்டுக் கதவு. எதிரே நாற்காலி போட்டு, வருகிறவர்களிடமெல்லாம் படிவத்தை நீட்டுகிறேன். அக்கா வாசலிலேயே டீக்கடை போட்டிருக்கிறாள். தங்கைக்கும் ஓசி கிடையாது.

மார்ச் 5

இன்று நூற்றுப்பன்னிரண்டு பேர். “படம் எடுத்த இடத்தைப் பார்த்தீர்களா?” என்ற கேள்விக்கு நூற்றுப்பன்னிரண்டு “ஆம்”. இவ்வளவு ஒற்றுமை எங்கள் குடும்பத்தில்கூடக் கிடையாது. ஒரு பெரியவர், “பார்க்கறதென்ன, நாலு எடுத்துட்டேன்” என்று செல்போனைக் காட்டினார். அதையும் “ஆம்” என்றே போட்டுக்கொண்டேன்.

மார்ச் 7

மேலதிகாரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கதவுக்கு மேல் ‘படம் எடுத்த இடம்’ என்று பலகை மாட்டப்போகிறாராம். முகவரியைப் படக் கம்பெனியிடம் கேட்டு வாங்கச் சொன்னார். என் அக்கா முகவரி எனக்குத் தெரியாதா?

மார்ச் 10

தெரியவில்லை. கம்பெனி அனுப்பியிருப்பது பின் தெரு முகவரி. அக்கா கதவுக்குப் படம் வந்த பிறகுதான் நீலம் அடித்திருக்கிறாள்!

வந்தவர்கள் படத்துக்காக வந்தது நிஜம், டீ குடித்தது நிஜம். கதவு மட்டும் பொய். பலகைக்கு நான் என்ன எழுதிக் கொடுப்பேன்? ஊரையே ஏமாத்துறியே, என் வேலைக்கு உலை வைக்கிறியே என்று அக்காவிடம் கத்திவிட்டேன். அவள் டீயை வடிகட்டிக்கொண்டே இருந்தாள். மூச்சுக்கு முந்நூறு வார்த்தை பேசுகிறவள் — ஏன் பேசவில்லை?

மார்ச் 11

பின் தெருவுக்குப் போனேன். பழுப்புக் கதவு. நாலு தடவை தட்டியதும் திறந்தவளுக்குக் கண் சிவந்திருந்தது. ஆஸ்பத்திரியில் இரவுப் பணி பார்க்கும் நர்ஸ், பகலில்தான் தூக்கம். படம் வந்த புதிதில் வாசலில் ஓயாத கூட்டமாம். கதவைச் சாத்திக் காட்டுங்கள், அழுது காட்டுங்கள் என்பார்களாம். நிஜமாகவே அழுதிருக்கிறாள். ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் நோயாளிக்கு மருந்தை மாற்றிக் கொடுக்கப் போய், கடைசி நிமிஷத்தில் சுதாரித்தாளாம்.

“உங்க அக்காதான் வந்து, உன் கதவுக்குப் பழுப்பு அடிச்சுடு, மிச்ச நீலப் பெயின்ட்டைக் குடு, கூட்டத்தை நான் பார்த்துக்கறேன்னாங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்கு வேற குடுத்தாங்க. பலகையை மட்டும் இங்க மாட்டிடாதீங்க.”

அவளை எழுப்பியதற்கு மன்னிப்புக் கேட்டேன். கேட்க வேண்டியவளிடம் இன்னும் கேட்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 12

“தப்பா பேசிட்டேன்க்கா.” “டீ ஆறுது, குடி.” காசு வாங்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 14

மேலதிகாரியிடம் உள்ளதைச் சொன்னேன். பொய்ப் பலகை மாட்ட முடியாது என்றார். நியாயம்தான். ஒரே ஒரு சொல்லை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, சிரித்துவிட்டார். அறிக்கையில் ‘மறைமுகப் பயன்’ என்ற கட்டத்தில், “ஒருவர் பகலில் தூங்குகிறார்” என்று எழுதியிருந்தேன். இதை எதோடு கூட்டுவது என்றார். தெரியவில்லை என்றேன். அந்த வரியை அடிக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டார்.

மார்ச் 28

அக்கா வாசலில் பலகை ஏறிவிட்டது: ‘படம் எடுக்கும் இடம்’. பாம்புப் புற்றென்று நினைத்து ஒருத்தரும் வரப்போவதில்லை என்றாள் அக்கா. பழையபடி பேச ஆரம்பித்துவிட்டாள். டீக்கும் காசு வாங்கிவிட்டாள்.

ஏணியை நான் பிடித்துக்கொண்டேன். தச்சர் சுத்தியலை எடுத்ததும் அக்கா ஓடிவந்து தடுத்தாள். ஆணி வேண்டாமாம், சத்தம் பின் தெருவரை கேட்குமாம். முந்தானையில் ஸ்க்ரூ முடிந்து வைத்திருந்தாள்.